நான் சாப்பிடலைங்க சார்

அந்தப் படத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டியது எங்கள் ஆங்கிலம் தேறட்டும் என்றுதான். நாமக்கல்லைத் தாண்டி, சுற்றிலும் சோளக்காடு இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் நான் அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். காலாண்டுத் தேர்வில் முக்கால்வாசிப் பேர் ஆங்கிலத்தில் கவிழ்ந்தோம். புதிதாக வந்திருந்த ஆங்கில மிஸ் தாளாளரிடம் போய், "மாசம் ஒரு இங்கிலீஷ் படம் காட்டலாங்க சார், காதுல விழுந்தாத்தான் வாயில வரும்" என்று பேசி அனுமதி வாங்கிவிட்டார். ஒரு சனிக்கிழமை மாலை, சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, தொண்ணூறு பெண்களைத் தரையில் உட்கார வைத்தார்கள்.

மிஸ் தன் கல்லூரி நாளில் பார்த்து நடுங்கிய பழைய படம் அது. எங்கள் வயதுப் பையன்களும் பெண்களுமாக ஆறு பேர், பனி கொட்டும் மலையில் பூட்டிக் கிடக்கும் ஒரு பங்களாவுக்கு யாருக்கும் சொல்லாமல் போகிறார்கள். போன நாளே சும்மா இருக்க மாட்டாமல் அடிவாரத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டு, எங்களை யாரோ ஒருவன் கொல்ல வருகிறான் என்று அலறுகிறார்கள். வயதான போலீஸ்காரர் ஒருவர் பனியில் தட்டுத் தடுமாறி வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, அவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். மறுநாள் நிஜமாகவே ஒருவன் வருகிறான். அவன் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். படிக்கட்டில் அவனுடைய பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்கும். மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் போனை எடுத்து அழுகிறாள். போலீஸ்காரர் முழுவதையும் கேட்கிறார், போனை வைக்கிறார், காபியை எடுத்துக் குடிக்கிறார்.

அந்த இடத்தில் என் பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது.

அவள் என் பக்கத்துக் கட்டில்காரி. எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த குடும்பத்துக்கு ஒரே பிள்ளை. நான் சேலத்துப் பெண். அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியில் வேலை. மற்றவர்கள் எதிரில் வாயே திறக்காத அவள், விளக்கணைத்த பிறகு என்னிடம் மட்டும் ஓயாமல் பேசுவாள். முட்டையிட்ட கோழி எப்படிக் கத்தும், பாம்பைப் பார்த்த கோழி எப்படிக் கத்தும் என்று இரண்டையும் தனித்தனியாகக் கத்திக் காட்டுவாள்.

படம் முடிந்து கை கழுவும் குழாயடியில் நின்றபோதும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை.

"அந்தப் போலீஸ்காரன் ஒருக்கா வந்து எட்டிப் பாத்திருந்தா என்ன, கொறைஞ்சா போயிருப்பான்?"

"மொத நாள் அவரை ஏமாத்துனாங்கல்ல?"

"ஏமாத்துனா? அதுக்காகச் சாவட்டும்னு உட்ருவாங்களா?"

எனக்கு அந்தக் கோபமெல்லாம் வரவில்லை. படத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த முதல் நாள் விளையாட்டைத்தான். அடுத்த வாரம் இயற்பியல் படிப்பு நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து சரிந்தேன். வார்டன் பதறி ஓடிவந்து, என்னைத் தோளில் சாய்த்துச் சிக் ரூமுக்குக் கூட்டிப் போனார். நான் கதவிடுக்கில் கண்ணடித்ததைப் பார்த்து வகுப்பே வாயைப் பொத்திச் சிரித்தது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதையே செய்தேன். அந்த முறை வார்டன் போர்வையை விலக்கிப் பார்த்தபோது நான் முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. தொண்ணூறு பெண்களுக்கு அவர் ஒருத்தர். கணவர் இல்லை. அவருடைய மகன் அதே பள்ளியில்தான் படித்துக்கொண்டிருந்தான். எங்களில் யாருக்கு என்ன ஆனாலும் மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அன்றைக்கு என்னை மைதானத்தில் முட்டிபோட வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இனி எவளாச்சும் வயித்துவலின்னு எம்முன்னால வந்து நிக்கோணும், பாத்துக்கறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கும் நாள். மண்டியில் லோடு இறங்குகிறது என்று என் அப்பா வரவில்லை. அவளுடைய அம்மா வந்திருந்தார். வெளியிலிருந்து கறி கொண்டுவரக் கூடாது என்பது பள்ளியின் கண்டிப்பான சட்டம், மீறினால் டி.சி. கொடுத்துவிடுவோம் என்று மாதம் ஒரு முறை மிரட்டுவார்கள். ஆனாலும் அவளுடைய அம்மா தூக்குப்போசியில் மேலே தயிர்சோறும் அடியில் நாட்டுக்கோழிக் கறியுமாக வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவள் அங்கே கொஞ்சம் தின்றுவிட்டு, மீதியைத் துப்பட்டாவில் மறைத்து எனக்காக உள்ளே எடுத்துவந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இருவரும் தின்றோம். உண்மையில் பாதிக்கு மேல் தின்றது நான்தான். எலும்பைக்கூட விடவில்லை.

திங்கட்கிழமை காலை அவளுக்குத் தொப்புளைச் சுற்றி வலித்தது. பிரார்த்தனைக்கு வந்தாள், வகுப்புக்கும் வந்தாள். மத்தியானம் வாந்தி எடுத்தாள். வலி வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது என்றாள். வார்டனிடம் போனோம். அவர் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் கூட வந்த என்னைப் பார்த்தார்.

"இப்ப உன்ற முறை முடிஞ்சு அவ முறையா?"

"இல்லைங்க மேடம், நெசமாவே வலிக்குதுங்க" என்றாள் அவள். சத்தமே வரவில்லை. எப்போதுமே யாரிடமும் சத்தமாகப் பேசத் தெரியாதவள். நான் நடித்தபோது எவ்வளவு பெரிதாக அலறினேன் என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது. ஒரு வெள்ளை மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கட்டிலிலேயே கிடந்தாள். வகுப்புக்கு வராததற்கு அவள் பெயரில் ஒரு எச்சரிக்கை எழுதினார்கள். மத்தியானம் நான் வந்து பார்த்தபோது எழுந்து உட்கார்ந்திருந்தாள். வலி சட்டென்று நின்றுவிட்டது என்று சிரித்தாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. குடல்வால் வெடித்தால் கொஞ்ச நேரம் அப்படித்தான் வலி நிற்கும் என்று பல வருடங்களுக்குப் பிறகு நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் காய்ச்சல் அடித்தது. வயிறு பலகை மாதிரி இறுகிப் போயிருந்தது.

"அம்மாளுக்கு ஒரு போன் போடச் சொல்றியா? அம்மா வந்தாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

நான் வார்டன் அறைக்கு ஓடினேன். அவர் மறுநாள் தேர்வுக்கு விடைத்தாள் எண்ணிக்கொண்டிருந்தார். என்னை ஏறிட்டும் பார்க்காமல், "காலையில பாக்கலாம், போ" என்றார். நான் அங்கேயே நின்று கத்தியிருக்கலாம். தாளாளர் வீடு பள்ளி வாசலிலேயே இருந்தது, அங்கே ஓடியிருக்கலாம். எனக்குத் தைரியம் இல்லை. மறுபடியும் முட்டிபோட வைப்பார்கள் என்ற பயம்தான் இருந்தது. திரும்பி வந்து அவளிடம், "போன் பண்ணிட்டாங்க, அம்மா வந்துட்டிருக்காங்க" என்று பொய் சொன்னேன். அவள் தலையணையை எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் போட்டுப் படுத்துக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால்தான் வாசல் தெரியும்.

புதன்கிழமை விடிந்தபோது அவளால் எழ முடியவில்லை. உதடு வெளுத்திருந்தது. வார்டன் பார்த்த பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவரே அவளைத் தூக்கிக்கொண்டு பள்ளி வேனுக்கு ஓடினார். நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி, அங்கிருந்து சேலத்துக்கு. அவள் பெற்றோருக்கு அதன் பிறகுதான் போன் போயிற்று. வியாழக்கிழமை மத்தியானம், என்ன நோய் என்று அங்கே கண்டுபிடிப்பதற்குள் இறந்துவிட்டாள். வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது உதவியாள் அம்மா வந்து உயிரியல் மிஸ்ஸின் காதில் சொன்னார். மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார். எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் என்னைத் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். குளிர்ந்த அறை. மேஜைமேல் அவளுடைய தூக்குப்போசி இருந்தது. அவள் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். மேலாளர் ஒரு நோட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். எனக்குக் குடிக்கப் பால் கொடுத்தார்கள்.

"பயப்படாத கண்ணு" என்றார் தாளாளர். குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. "ஞாயித்துக்கெழம அவங்கம்மா என்ன கொண்டாந்தாங்க?"

"தயிர்சோறுங்க சார்."

"அதுக்கு அடியில?"

நான் தூக்குப்போசியைப் பார்த்தேன்.

"கோழிக்கறிதானே? அவ தின்னாளா?"

"தின்னாங்க சார்."

"நீயும் தின்னயா?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. கறி தின்றால் டி.சி. என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. எனக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைக்க அப்பா யார் யார் வாசலில் போய் நின்றார் என்பதும் ஓடியது.

"நான் சாப்பிடலைங்க சார்."

தாளாளர் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா. ஒண்ணாத் திரிஞ்ச புள்ளைங்க. தின்னது போயிருச்சு, தின்னாதது நல்லா இருக்குது. எழுதிக்கங்க."

எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் சாவுக்கு அவள் அம்மாவின் கறிதான் காரணம் என்று சொல்லும் காகிதம் அது என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். ஆனால் திரும்பிப் போய்ச் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிளஸ் டூ முடித்து வெளியே வந்த நாளிலும் சொல்லவில்லை. வார்டனை அந்த மாதமே நிறுத்திவிட்டார்கள். மகனுடைய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இப்போது நான் அஸ்தம்பட்டியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். போன மார்கழியில் ஒரு ஞாயிறு மத்தியானம் அவர்கள் லேப்டாப்பில் ஏதோ படம் போட்டார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பூட்ஸ் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா, செம திகில்க்கா, உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தேன். முழுவதும் பார்த்தேன். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கத்தினார்கள். எனக்குப் பயமே வரவில்லை. அந்த ஆறு பேரும் இவ்வளவு சின்னப் பிள்ளைகள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அது ஒன்றுதான் தோன்றியது.

அடுத்த ஞாயிறு பஸ் ஏறினேன்.

எருமப்பட்டியில் இறங்கி, கோழிப்பண்ணைக்காரர் வீடு என்று அடையாளம் சொல்லி விசாரித்துக்கொண்டு நடந்தேன். பிள்ளை செத்த வீடு என்று சொன்ன பிறகுதான் ஒருவர் வழி காட்டினார். அவளுடைய அம்மா ஷெட்டிலிருந்து முட்டை அட்டைகளை எடுத்து வெளியே அடுக்கிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. நான் யாரென்று சொல்வதற்கு முன்னாலேயே அவர் சொல்லிவிட்டார்.

"நீயி அவ பக்கத்துக் கட்டல் புள்ளதானே? குரூப் போட்டோவுல அவ தோள்ல கை போட்டுட்டு நிப்பயே. வா சாமி, உள்ள வா."

அவளுடைய அப்பா தீவனம் வாங்க நாமக்கல் போயிருப்பதாகச் சொன்னார். கை கழுவிவிட்டு வந்து, கேட்காமலே தட்டு வைத்தார்.

"கத்திரிக்காக் கொழம்புதான். ஒறம்பர, விருந்தாளின்னு யார் வந்தாலும் இந்த ஊட்டுல கறி ஆக்கறதில்ல. அவ போனதுல இருந்து நான் அதத் தொடறதில்ல."

ஷெட்டில் ஆயிரக்கணக்கான கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. ஒரு வாய்ச் சோற்றுக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

என்ன சொல்லித் தொடங்குவது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது அவரே கேட்டார்.

"ஏஞ்சாமி, உங்களுக்கு ஒரு படம் போட்டாங்களாமே. பனியில புள்ளைங்க போயி மாட்டிக்கிட்டாங்கன்னு. கடைசியா நான் வந்தப்ப அதத்தான் சொல்லீட்டிருந்தா. பாதி சொல்றதுக்குள்ள மணி அடிச்சு உள்ள கூப்புட்டுட்டாங்க. அந்த மஞ்ச ஸ்வெட்டர்ப் புள்ள என்ன ஆனா?"

சொன்னேன். இரவெல்லாம் பனியில் விழுந்து எழுந்து, விடியும்போது அந்தப் பெண் போலீஸ் நிலையத்துக் கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்பதையும், காபிக் கோப்பையோடு போலீஸ்காரர் அவளைப் பார்ப்பதையும் சொன்னேன்.

"பொழச்சுக்கிட்டாளா?"

"பொழச்சுக்கிட்டாங்கம்மா."

"நல்லா இருக்கட்டும்" என்றார் அவர், அடுத்த தெருப் பெண்ணைச் சொல்வது மாதிரி.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தக் கறியை நானும் தின்றேன், அவளைவிட அதிகமாகத் தின்றேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் சாப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. அது குடல்வால், திங்கட்கிழமையிலிருந்தே வலித்தது. நான் நடித்ததால் அவளையும் நம்பவில்லை. பள்ளியில் கேட்டபோது பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவர் காலைப் பிடிக்கக் குனிந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

நான் என்ன எதிர்பார்த்துப் போனேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். என்னை அடிப்பார், சபிப்பார் என்று நினைத்தேன். அத்தனை வருடமாகச் சுமந்த பழி இறங்கியது என்று அவர் ஒரு பெருமூச்சு விடுவார் என்ற ஆசையும் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. அவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"திங்கக்கெழம. செவ்வாக்கெழம. பொதங்கெழம." நிறுத்தினார். "எங்ககிட்ட பொதங்கெழம காத்தால திடீர்னு வந்துருச்சுன்னாங்க. வலி தெரியறதுக்குள்ள மயங்கிட்டான்னாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அழுதாளா?"

"அழுதாங்கம்மா."

"என்னையக் கேட்டாளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இனிமேல் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று பஸ்ஸில் வரும்போது முடிவெடுத்திருந்தேன்.

"கேட்டாங்கம்மா."

அவர் என் தட்டை எடுத்து, மீதிச் சோற்றை ஓரமாக ஒதுக்கினார்.

"என்ற கையால தின்னுதான் போனான்னு இருந்தேன். பாவமோ புண்ணியமோ, அது என்னோடது. நான் ஆசையா ஆக்கிப் போட்டது. அதோட இருந்துட்டேன்." குரலில் கோபமே இல்லை. "அத ஏஞ்சாமி இப்ப வந்து சொன்னே?"

எழுந்து ஷெட்டுக்குள் போய்விட்டார். அவளுடைய அப்பா வரும்வரை நான் அந்த வாசலிலேயே நின்றேன். அவரிடமும் சொன்னேன். அவர் என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டுபோய் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். என் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். வக்கீலைப் பார்த்தார்களாம். நான் எங்கு வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன்.

"சொல்லி என்ன பண்றது? அன்னிக்கு ஒடம்பக் கூறு போட்டுப் பாக்க வேண்டாம்னு நாந்தான் கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியிலயும் இப்ப பழைய சீட்டு ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடத்துக்காரங்க கையில இருக்கறது உன்ற கையெழுத்து ஒண்ணுதானாமா." கொஞ்சம் நிறுத்தினார். "புள்ளையோட அம்மா சரியாச் சோறு திங்கறதில்ல. நீயி இனிமே வர வேண்டாஞ்சாமி. உன்னைய வையல. உன்னையப் பாத்தா அவளுக்குத் தாங்காது."

சரிங்க என்றேன்.

ஆனால் அந்த அம்மா கூப்பிடுகிறார். கணவருக்குத் தெரியாமல், அவர் பண்ணையில் இருக்கும் நேரம் பார்த்து, வாரத்தில் ஒரு நாள் கூப்பிடுகிறார். நலம் விசாரிப்பதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். திங்கட்கிழமை காலையில் என்ன தின்றாள்? மாத்திரையை எதில் குடித்தாள்? வாந்தி எடுத்தபோது யார் தலையைப் பிடித்தார்கள்? எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். நினைவில்லாததை நினைவில்லை என்கிறேன். கேட்டுக்கொண்டு வைத்துவிடுவார். நம்பரைத் தடுத்துவிடு என்று என் அறைத் தோழி சொல்கிறாள். அந்த மூன்று நாளையும் அவர் இப்போதுதான் மணி மணியாகக் கடந்துகொண்டிருக்கிறார். அவரைப் பாதியில் விட்டுவிட்டு நான் எப்படிப் போவது?

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் கூட்டமாக இருந்தது. போன் அடித்ததும் டோக்கன் கட்டைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு மாடிப்படிக்குப் போனேன்.

"செவ்வாக்கெழம மத்தியானம் வலி நின்னுருச்சுன்னயே" என்றார். "அப்ப என்ன பண்ணுனா?"

"முடி சிக்காயிடுச்சு, சீவி உடுன்னு கேட்டாங்கம்மா. சீவிப் பின்னி உட்டேன்."

மறுமுனையில் கோழிகளின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஒத்தச் சடையா, ரெட்டச் சடையா?" என்று கேட்டார்.